‘டீச்சர் இங்கிலீஷ்ல தமிழ் வாடை அடிக்குது!’

காவிரிக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

தமிழ் வழியில் படித்து, ஆங்கில இலக்கியத்தில் பட்டமும் பி.எட்.டும் முடித்தவர். தனியார் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம் எடுக்கிறார். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, “டீச்சர் பேசுற இங்கிலீஷ்ல தமிழ் வாடை அடிக்குது, பிள்ளைங்களுக்கும் அதுதானே வரும்?” என்று எல்லோர் முன்னிலும் கேட்டுவிட்டார். உடனே தாளாளர் கூப்பிட்டு, ‘எம்.டி.ஐ. நீக்கும் பயிற்சி’ ஒன்றில் சேரச் சொல்லியிருக்கிறார். (தாய்மொழியின் சாயலுக்குக் கால்சென்டர் பயிற்சியாளர்கள் சொல்லும் பெயர்தான் எம்.டி.ஐ.) கட்டணம் 38,000 ரூபாய். பள்ளி முதலில் கட்டிவிட்டு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுமாம். இரண்டு வருடம் வேலையை விடமாட்டேன் என்று பாண்டு எழுதித் தரவேண்டும், ஒரிஜினல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டும். மறுத்தால் அடுத்த ஆண்டு எல்.கே.ஜி. வகுப்புதான்.

இந்தப் பதற்றத்தில் இவரே வீடியோக்களைப் பார்த்து, நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டிச் சொல்லும் ‘த’ ஒலியையும், ‘வி’க்கும் ‘டபிள்யூ’வுக்கும் உள்ள வித்தியாசத்தையும் வகுப்பில் தினமும் திருத்த ஆரம்பித்திருக்கிறார். எட்டாம் வகுப்பில் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பையனை நிற்கவைத்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது வகுப்பே சிரித்துவிட்டது. அன்றிலிருந்து அவன் வாயைத் திறப்பதில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்திருந்தால் அழிக்கச் சொல்கிறார். கடைசியில் ஒரு வரி: “வீட்டு ட்யூஷனுக்கு வரும் இரண்டாம் வகுப்புப் பையன் ‘கார்’ என்பதை ‘தார்’ என்கிறான். நூறு முறை சொல்ல வைத்தும் வரவில்லை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், அக்காவையே ‘அத்தா’ன்னுதான் கூப்பிடுவான் என்று அவன் அம்மா சிரிக்கிறார். இவனுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?”

பிரிட்டிஷ் உச்சரிப்பைச் சொல்லித் தருவதா அமெரிக்க உச்சரிப்பையா, பயிற்சியில் சேருவதா வேண்டாமா, என்னால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களா? இவைதான் அவருடைய கேள்விகள்.

டீச்சர், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்திலேயே அவசரமான விஷயம் அதுதான்.

அந்த ட்யூஷன் பையனுக்கு ஆங்கிலப் பயிற்சி வேண்டாம்

அவன் ‘அக்கா’வை ‘அத்தா’ என்கிறான். அதாவது தமிழிலேயே அவனுக்கு ‘க’ வரவில்லை. இது ஆங்கில உச்சரிப்புப் பிரச்சினையே இல்லை. மழலைப் பருவத்தில் ‘க’வுக்குப் பதில் ‘த’ சொல்வது சகஜம். பெரும்பாலான குழந்தைகள் நான்கு வயதுவாக்கில் அதைத் தாண்டிவிடுவார்கள். ஏழு வயதிலும் தொடர்ந்தால் பேச்சுப் பயிற்சி நிபுணர் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் காது நன்றாகக் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். இந்த வகைக் குறை பெரும்பாலும் முறையான பயிற்சியில் சரியாகிவிடும் என்று அந்த அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

யாராவது “நாக்குக்கு அடியில ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டாச் சரியாயிடும்” என்பார்கள். ‘க’ பிறப்பது நாக்கின் பின்பகுதி மேலே எழும்புவதால். நாக்கின் நுனி கட்டுண்டு கிடப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வசம்பைச் சுட்டுத் தடவினாலும் வராது. நூறு முறை சொல்ல வைப்பதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். தப்பான ஒலியையே நூறு முறை பழகுகிறான், அவ்வளவுதான்.

இனி எந்தப் பிள்ளை விஷயத்திலும் இதை முதல் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். அதே தடுமாற்றம் தமிழிலும் இருந்தால் நிபுணரிடம் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அது உங்கள் வேலை.

அந்தத் தந்தை சொன்னதில் எது சரி, எது தப்பு

பேச்சில் வாடை அடிப்பது ஒன்று, பேசுவது புரியாமல் போவது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் இத்தனை பயமும். கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சீன மொழி பேசுபவர்களின் ஆங்கிலத்தை, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொன்னார்கள். சாயல் கனமாக இருக்கிறது என்று மதிப்பிட்டவர்களே பல இடங்களில் ஒரு சொல் விடாமல் சரியாக எழுதியிருந்தார்கள்.

லண்டனிலேயே ‘திங்க்’ என்பதை ‘ஃபிங்க்’ என்று சொல்லும் மக்கள் நிறைய. அயர்லாந்தில் ‘த்ரீ’ கிட்டத்தட்ட ‘ட்ரீ’ மாதிரி ஒலிக்கும். அவர்களை யாரும் பயிற்சிக்கு அனுப்புவதில்லை. ஐரோப்பாவின் பொது மொழித்தரச் சட்டகம் 2018-ல் உச்சரிப்புக்கான அளவுகோலைத் திருத்தி எழுதியபோது, தாய்மொழிக்காரர் மாதிரி பேசுவதை இலக்காக வைக்காமல் தெளிவாகப் புரிவதை முன்னுக்குக் கொண்டுவந்தது. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் உச்சரிப்புக்குக் கால் பங்கு மதிப்பெண் உண்டு. ஆனால் சாயல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மதிப்பெண் குறையாது. கேட்பவருக்குப் புரிவது தடைப்பட்டால்தான் குறையும்.

அதற்காக அந்தத் தந்தை சொன்னது முழுக்கத் தப்பு என்றும் சொல்லமாட்டேன். நீங்கள் ஒரு சொல்லை எந்த இடத்தில் அழுத்துகிறீர்களோ அங்கேதான் உங்கள் மாணவர்களும் அழுத்துவார்கள். அந்த வகையில் நீங்கள் சரிசெய்துகொள்ள வேண்டியவை சில இருக்கும். ஆனால் நீங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது வேறு இடத்தில்.

பிரிட்டிஷா அமெரிக்காவா என்பதற்கு ஒரே வரி: எதுவும் வேண்டாம். தெளிவான இந்திய ஆங்கிலம் பேசுங்கள், அழுத்தத்துக்கு மட்டும் ஏதாவது ஒரு நல்ல அகராதியைப் பின்பற்றுங்கள், மற்ற சாயல்களைக் காதுக்குப் பழக்கிவையுங்கள்.

எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது

‘த’ ஒலியை விட்டுவிடுங்கள். உலகம் முழுக்க வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எங்கே புரியாமல் போகிறது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000-த்தில் வெளியிட்ட முக்கிய ஒலிகளின் பட்டியலில் இந்த ஒலியைச் சேர்க்கவே இல்லை. போதாததற்கு, ‘திங்க்’கில் ஒன்று, ‘மதர்’ரில் ஒன்று என்று இரண்டு வகையாக வரும் இந்த ஒலியில் பாதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘அது’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் ‘த’ ஏறக்குறைய ‘மதர்’, ‘ஃபாதர்’ என்பதில் வரும் அதே ஒலி. நாக்கை வெளியே நீட்டிக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை அழுத்தத்துக்குக் கொடுங்கள். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை, குறில் நெடில் மாறினால்தான் மாறும். அதனால் நம் பிள்ளைகளின் காது அழுத்தத்தைக் கவனிக்கப் பழகவே இல்லை. ஆங்கிலத்தில் ‘ரெக்கார்ட்’ என்பதில் முன் அசையை அழுத்தினால் பெயர்ச்சொல், பின் அசையை அழுத்தினால் ‘பதிவு செய்’ என்ற வினை. ‘ப்ரசென்ட்’, ‘ஆப்ஜெக்ட்’ எல்லாம் இதே ரகம். கேட்பவரின் காது அழுத்தம் விழும் அசையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லைத் தேடுகிறது. அழுத்தம் இடம் மாறினால், மற்ற ஒலிகள் சரியாக இருந்தும் சொல் பிடிபடாமல் போகலாம். ஹைதராபாத்தில் இருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தின் ஆர்.கே. பன்சால், இந்தியர்களின் ஆங்கிலம் பிரிட்டிஷ்காரர்களுக்கு எங்கே புரியாமல் போகிறது என்று 1969-லேயே ஆராய்ந்தார். அவர் சுட்டிய பெரிய காரணங்களில் ஒன்று, தப்பான அசையில் விழும் அழுத்தம்.

‘டெவலப்’ என்பதில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம். அழுத்த வேண்டியது நடுவில் இருக்கும் ‘வெ’. ‘ஹோட்டல்’ கடைசி அசையில். ‘கமிட்டி’ நடு அசையில். ‘ஃபோட்டோகிராஃப்’ என்றால் முதல் அசை, ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றால் இரண்டாவது, ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி பிடிக்கும். எல்லாச் சொல்லையும் மனப்பாடம் செய்யவும் வேண்டாம். ‘எஜுகேஷன்’, ‘இன்ஃபர்மேஷன்’ மாதிரி ‘ஷன்’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம். ‘ஃபென்டாஸ்டிக்’, ‘எகனாமிக்’ மாதிரி ‘இக்’ முடிவுக்கும் பெரும்பாலும் அதே கணக்குதான். ‘எபிலிட்டி’ வகைச் சொற்களில் ‘இட்டி’க்கு முந்தைய அசை. இந்த மூன்றைச் சொல்லிக் கொடுத்தாலே பாடப்புத்தகத்தில் எத்தனையோ சொற்கள் தானாகச் சரியாகும்.

அழுத்தம் விழாத அசை தேய்ந்துபோகும். அது இன்னொரு பாதி. தமிழில் எழுதியிருக்கும் எழுத்தை எல்லாம் படித்துப் பழகிய பிள்ளை, ‘வெஜிடபிள்’ என்பதை ‘வெ-ஜி-டே-பிள்’ என்று உள்ளே ஒரு டேபிளையும் போட்டுப் படிக்கும். உண்மையில் ‘வெஜ்-ட-பிள்’, மூன்றே அசை. ‘கம்ஃபர்டபிள்’ கதையும் அதுவே.

அடுத்து எண்கள். ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’, ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’. மருந்துக் கடையிலும் ஃபோனிலும் நிஜமாகவே குழப்பம் வரும் இடம் இது. ‘டீன்’ நீளமாக, அழுத்தத்தோடு, ‘டி’ குட்டையாக. ஒருவர் விலை சொல்ல, இன்னொருவர் எழுத, பிறகு இருவரும் சரிபார்க்கட்டும். தப்பு எங்கே என்று நீங்கள் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இறந்தகால ‘எட்’ முடிவுக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். ‘வாக்குடு’, ‘ஆஸ்க்குடு’ என்று எங்கும் ஒரு கூடுதல் அசை சேர்ப்பது நம் பழக்கம். வினைச்சொல் ட் ஒலியிலோ அதன் இணையான மென்மையான ஒலியிலோ முடிந்தால் மட்டும்தான் தனி அசை வரும், ‘வான்டட்’, ‘நீடட்’ மாதிரி. மற்ற இடங்களில் ஒட்டிக்கொண்டு ஒரே அசையாக ‘வாக்ட்’, ‘ஆஸ்க்ட்’.

தனி ஒலிகளில் ப, ஃப வித்தியாசம் அவசியம். ஜெராக்ஸ் காப்பியும் ஃபில்டர் காப்பியும் நமக்கு ஒன்றுதான், ஆங்கிலத்தில் இல்லை. ‘வி’ சிரமமே இல்லை: “பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்” என்று தொல்காப்பியப் பிறப்பியலே அதற்கு இடம் குறித்துக் கொடுத்திருக்கிறது, மேல்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். ‘டபிள்யூ’வுக்கு ‘உ’ சொல்லப்போவது போல உதட்டைக் குவித்துவிட்டு விடச் சொல்லுங்கள், பல் எங்கும் படக்கூடாது. வாரத்தில் கொஞ்ச நேரம் போதும், இதற்காக யாரையும் நிற்கவைக்க வேண்டாம்.

‘புக்கு’, ‘பஸ்ஸு’ என்று கடைசியில் உகரம் ஒட்டுவதற்கு மருந்து தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்’ என்ற நன்னூல் விதியைத் தமிழ் ஐயா நடத்துவார், ‘காசு’வும் ‘இல்லை’யும் சேர்ந்தால் ‘காசில்லை’. அதே வேலையை ஆங்கிலத்தில் செய்ய வையுங்கள். ‘புக் இஸ்’ என்பதைச் சேர்த்து ‘புக்கிஸ்’ என்று சொல்லும்போது உகரம் ஓடிப்போகும். ‘எக்’ என்பதை ‘யெக்’ என்பவர்களுக்கும் இதுவே வழி: ‘அன் எக்’ சேர்ந்து ‘அனெக்’. யகரம் நுழைய இடமில்லை.

நோட்டில் தமிழ் எழுத்து

அழிக்கச் சொல்லாதீர்கள், டீச்சர். கேட்ட ஒலியைத் தனக்குத் தெரிந்த எழுத்தில் பிடித்து வைக்கிறது அந்தப் பிள்ளை. அதில் கெட்டிக்காரத்தனம்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்து எங்கே போதாது என்பதை மட்டும் காட்டிக்கொடுங்கள். பை, முதுகு, கேக் சுடுவது, மூட்டை கட்டுவது, நான்குமே தமிழில் ‘பேக்’. சாப்பிடும் தட்டும் ‘விளையாடினான்’ என்பதும் ‘ப்ளேட்’. இதைப் பலகையில் எழுதிப் போட்டால் வகுப்பு சிரிக்கும், இந்தச் சிரிப்பு யாரையும் நோகடிக்காது. பிறகு தொண்டை அதிரும் ஒலிக்கு எழுத்தின் கீழே ஒரு கோடு, அழுத்தம் விழும் அசைக்கு மேலே ஒரு புள்ளி என்று இரண்டே அடையாளங்களைக் கற்றுக்கொடுங்கள். தொண்டையில் கைவைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியும். சில மாதங்களில் தமிழ் எழுத்து குறைந்து வெறும் புள்ளிகள் மட்டும் மிஞ்சும், நீங்கள் எதையும் தடைசெய்ய வேண்டியிருக்காது.

வாயை மூடிக்கொண்ட எட்டாம் வகுப்பு மாணவன்

நீங்கள் அவனை அவமானப்படுத்த நினைக்கவில்லை, தெரிகிறது. ஆனால் அவனுக்கு நேர்ந்தது அதுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ம் பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. அவன் பெற்றோர் புகார் கொடுப்பார்கள் என்று பயமுறுத்தச் சொல்லவில்லை. தமிழில் பேசினால் அபராதம், தப்பாக உச்சரித்தால் பெஞ்ச் மேல் நிற்பது மாதிரி பழக்கங்கள் உங்கள் பள்ளியில் இருந்தால், நீங்களே அவற்றை நிறுத்தப் பேசலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “அன்னைக்கு நான் அப்படி நிக்கவெச்சது சரியில்லப்பா” என்று சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சில நாட்கள் ஜோடிப் பயிற்சியில் மட்டும் விடுங்கள். பொதுவாகவே, பேசும் நேரத்தையும் திருத்தும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். பிள்ளை ஏதோ சொல்ல வந்தால் முழுசாகச் சொல்லி முடிக்கட்டும், நீங்கள் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில், யார் சொன்னது என்று காட்டாமல், வகுப்பு மொத்தத்துக்குமாக இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வைப்பதற்கு முன் கேட்க வையுங்கள். இரண்டு சொற்களை நீங்கள் சொல்ல, முதலாவது என்றால் ஒரு விரல், இரண்டாவது என்றால் இரண்டு விரல் காட்டட்டும். காதில் விழாத வித்தியாசம் வாயில் வருவது கடினம். பேசப் பயப்படும் பிள்ளையும் இதில் கூச்சமில்லாமல் கலந்துகொள்ளும்.

38,000 ரூபாயும் பாண்டும்

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் சேரமாட்டேன். சாயலைத் துடைத்து எடுப்பதாகச் சொல்லும் பயிற்சிகள் பெரும்பாலும் மேலே சொன்ன ‘த’ ஒலியிலும் அமெரிக்க ‘ர’விலும்தான் நேரத்தைக் கழிக்கும். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்பது அதில் வராது. அதற்குப் பதில் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிகளின் இணையதளத்தில் ஒவ்வொரு சொல்லையும் காதால் கேட்கலாம், காசு கிடையாது. என்பிடெல், சுயம் என்ற அரசு இணையப் பாடத் தளங்களில் ஆங்கில ஒலியியல் பாடங்களைத் தேடிப் பாருங்கள். பார்க்க இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். சான்றிதழே முக்கியம் என்றால் ஹைதராபாத் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான தொலைநிலைப் படிப்புகள் இருக்கின்றன, விவரம் கேட்டுப் பாருங்கள். வரும் வாரப் பாடத்தில் உள்ள நீண்ட சொற்களை முதல் நாளே அகராதியில் கேட்டு, புள்ளி வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவதை வழக்கமாக்கினால் அந்தத் தந்தையின் கவலையில் நியாயமான பகுதி தீர்ந்துவிடும்.

தாளாளரிடம் வெறுமனே மறுக்காதீர்கள், வேலை உங்களுக்கு முக்கியம். இந்தப் பருவத்துக்கான உச்சரிப்புத் திட்டம் ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். பிள்ளைகள் பேசுவதை இப்போது பதிவு செய்து, பருவ முடிவில் மறுபடி பதிவு செய்து, இரண்டையும் பெற்றோர் கூட்டத்தில் போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். (பதிவு செய்யப் பெற்றோரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.) காசு செலவில்லாமல் பெற்றோருக்குக் காட்ட ஏதாவது கிடைக்கிறது என்றால் பெரும்பாலான நிர்வாகங்கள் இறங்கிவரும். எல்.கே.ஜி.க்கு மாற்றும் பேச்சு தொடர்ந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பாண்டு பற்றி ஒரு எச்சரிக்கை. நான் வழக்கறிஞர் இல்லை, ஆனாலும் “பாண்டெல்லாம் செல்லாது, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம்” என்று சக ஆசிரியர்கள் சொல்வதை நம்பாதீர்கள். முதலாளி உண்மையாகச் செலவழித்த பயிற்சித் தொகை அளவுக்கு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டது உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தப் பணம் உங்கள் சம்பளத்திலிருந்தே போகிறது. பள்ளி செலவழித்தது என்ன, எதற்கு இரண்டு வருடக் கட்டு? இந்தக் கேள்வியை அப்படியே மரியாதையாக எழுதிக் கேளுங்கள். கையெழுத்துக்கு முன் காகிதத்தை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச ஆலோசனை கிடைக்கும். ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், ஒரிஜினலை அன்றைக்கே கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.